மருந்தைக் குறை சொல்வதற்கு முன்: மசில்லோடர் கேள்வி-பதில்

மசில்லோடர் என்றால் குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுச் சுடும் துப்பாக்கி. மருந்து என்றால் இங்கே வெடிமருந்து. மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, “குதிரை விழுகிறது, வெடிக்கவில்லை” என்றுதான் தொடங்கும். (குதிரை என்றால் விசையை இழுத்ததும் விழும் சுத்தி.) எல்லோரும் மருந்தைத்தான் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுக்குக் காரணம் ஈரமும் எண்ணெயும்.

பென்சில்வேனியாவில் இருக்கிறேன், சொந்த ஊர் கோபி. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் மான் வேட்டைப் பருவத்துக்காக சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கினேன். பைரோடெக்ஸ் போட்டிருக்கிறேன். பொறி பறக்கிறது, ஆனால் சுடுவதில்லை.

சுடாது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அசல் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். சக்கிமுக்கிப் பொறிக்கு அந்தச் சூடு கிடையாது. அசல் கருமருந்து வாங்குங்கள். குழல் விட்டம் அரை அங்குலமோ அதற்கு மேலோ என்றால் இரண்டு எஃப், அதற்குக் கீழே என்றால் மூன்று எஃப், பொறி விழும் கிண்ணிக்கு நான்கு எஃப். எஃப் கூடக்கூட மருந்து நைசாக இருக்கும். கிண்ணியை வழிய வழிய நிரப்ப வேண்டாம். கிண்ணியிலிருந்து குழலுக்குப் போகும் பக்கத் துளைக்குள் மருந்து அடைத்துக்கொண்டால் அது திரி மாதிரி மெல்ல எரிந்து, வெடி தாமதமாகும். இன்னொன்று, பனியில் இருந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் குழல் வியர்க்கும். மறுநாள் காலை அது சுடாததற்கு மருந்து என்ன செய்யும்?

ஓஹியோ. பைரோடெக்ஸ் வில்லைகளை எந்தப் பக்கமாகப் போடுவது?

கறுத்த பக்கம் பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்பு) பார்த்து இருக்க வேண்டும். டப்பாவிலேயே போட்டிருக்கிறார்கள், படியுங்கள்.

அந்தியூர். இரண்டு தடவை சுடவில்லை. திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்ன கோளாறு?

என்ன மருந்து, என்ன கேப்பு, எப்போது துடைத்தீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. எழுதியது ஒன்றே ஒன்று, “திருப்பிப் பார்த்தேன்”. குழல்வாயை முகத்துப் பக்கமா? படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வெடிக்காத துப்பாக்கி வெடிக்கப் போகிற துப்பாக்கி. மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்துவிட்டுச் சில நொடி கழித்துக்கூட வெடிக்கும். குழல்வாயை இலக்கைப் பார்த்தே பிடித்து முழுதாக ஒரு நிமிடம் நில்லுங்கள். அப்புறம் நிப்பிள் (கேப்பு உட்காரும் முளை) துளையைக் குத்திச் சுத்தம் செய்து புதுக் கேப்பு. அதற்கும் சுடவில்லை என்றால், கெட்டித்ததை, அதாவது உள்ளே போட்டு இடித்த மருந்தையும் குண்டையும், வெளியே எடுக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

பெருந்துறை, ரைபிள் கிளப் உறுப்பினர். ஆயுத பூஜைக்கு நன்றாக எண்ணெய் போட்டு வைத்தேன். அடுத்த வாரம் முதல் வெடியே ஏமாற்றிவிட்டது.

எண்ணெய் குழலின் அடிக்கு இறங்கி மருந்தை நனைத்திருக்கும். கெட்டிப்பதற்கு முன் உலர்ந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். மருந்து போடாமல் குழல்வாயைத் தரையிலுள்ள காய்ந்த இலைக்கு நேராகப் பிடித்து வெறும் கேப்பை வெடியுங்கள். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது.

தாளவாடி. தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி. மருந்து கிடைப்பது சிரமம். பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைக் கெட்டிக்கலாம் என்கிறார்கள். தீக்குச்சித் தலையைக் கேப்புக்கு வைக்கலாமா?

கூடாது. இரண்டுமே கூடாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒரு கடிதம் வந்துவிடுகிறது. கருமருந்து எரியும் வேகத்துக்கென்று கனம் பார்த்துச் செய்த குழல் அது. வெடிச்சத்தத்துக்கென்று பட்டாசில் போடும் மருந்தில் அலுமினியத் தூள் இருக்கும். அது குண்டைத் தள்ளுவதற்குள் குழலையே கிழித்துவிடும். தீக்குச்சித் தலையில் இருப்பது குளோரேட். உரசினாலே பற்றும். அதை நிப்பிளில் திணிக்கும்போது உங்கள் முகம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தும் அப்படித்தான், ஒரு சிட்டிகைகூட வேண்டாம். இடதுகையில் இரண்டு விரல் இல்லாத ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் போட்டதும் “கொஞ்சம்” பட்டாசு மருந்துதான். லைசென்ஸ் உள்ள கடையில் கருமருந்து கிடைக்கும்வரை துப்பாக்கி சுவரிலேயே தொங்கட்டும். கிடைத்த பிறகும் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தால் குப்பியே கையில் வெடிக்கும். அளவுக் குழாயில் எடுத்து ஊற்றுங்கள்.

ஆனைகட்டி. மக்காச்சோளத்தில் இறங்கும் காட்டுப்பன்றிக்கு எந்த மருந்து நல்லது?

எதுவும் இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களாகப் போய்ச் சுட முடியாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், வேட்டைக்கு அல்ல. வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) பக்கம் போகவே போகாதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் சிதைந்து, பட்டினி கிடந்து சாகிறது.

மேட்டுப்பாளையம். டப்பா மருந்து கட்டி தட்டிவிட்டது. நுணுக்கிப் பயன்படுத்தலாமா?

நுணுக்கவே கூடாது, அது ஈரம் பட்ட மருந்து. மூடி இறுக்கமாக இருந்து உலர்ந்த இடத்தில் வைத்தால் கருமருந்து பல வருடம் கெடாது.

திருப்பூர். கஜக்கோலில் (மருந்தையும் குண்டையும் உள்ளே இடிக்கும் கோல்) அடையாளக் கோடு போடச் சொல்கிறார்களே, எதற்கு?

சரியாகக் கெட்டித்தபோது கோல் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள. கோடு மேலே நின்றால் குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை, அல்லது ஏற்கெனவே கெட்டித்ததன் மேல் மறுபடி கெட்டித்துவிட்டீர்கள். நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். உங்கள் ஊர் பனியன் வேஸ்ட்டைக் குண்டுக்குச் சுற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நூலைப் பற்றவைத்துப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, சுற்றலாம். உருகி உருண்டையானால் பாலியஸ்டர், குழலில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.