நாத்தனார் மாடி கட்டிவிட்டார். நாங்களும் கடன் வாங்கலாமா?

கேள்வி: காட்பாடியில் சொந்த வீடு. கணவர் குடியாத்தத்தில் லுங்கி வாங்கி வெளியூர்க் கடைகளுக்குப் போடுகிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்குமாக மாதம் சராசரியாக 70,000 ரூபாய் வருகிறது, செலவு 45,000. கடன் இல்லை. ஒரே வங்கியில் 6 லட்சம் வைப்பு இருக்கிறது. சத்துவாச்சாரியில் நாத்தனார் மாடி வீடு கட்டிக் குடிபோனதிலிருந்து எங்களுக்கு நிம்மதி போய்விட்டது. 25 லட்சம் கடன் வாங்கி நாமும் மாடி எழுப்பலாம் என்கிறார் கணவர். வசதி கூடினால் சந்தோஷம் கூடுமா?

பதில்: கூடும், சகோதரி. பணத்தால் மகிழ்ச்சி வராது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கூலியில் வளர்ந்தவன் நான். மளிகைக் கடையில் எங்களுக்கென்று ஒரு பற்று நோட்டு இருந்தது. மாதக் கடைசியில் அம்மா அந்தக் கடை வாசலைத் தவிர்த்து, இரண்டு தெரு சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போவார். சம்பளம் வந்து, கடைக்காரர் அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டதும் குடத்தோடு நேர்வழியிலேயே நடப்பார். பணம் தரும் மகிழ்ச்சியை நான் முதலில் பார்த்தது அந்த நடையில்தான்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதினார்கள். 2023இல் கானமனே மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்துடன் சேர்ந்து மறுபடி ஆராய்ந்தார். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலும் கூடத்தான் செய்கிறது என்று தெரிந்தது. ஆனால் அந்த ஏற்றம் வருமானம் எத்தனை மடங்காகிறது என்பதைப் பொறுத்தது. 20,000 சம்பளக்காரருக்கு இன்னொரு 20,000 தரும் மகிழ்ச்சி உங்களுக்குக் கிடைக்க, இன்னொரு 70,000 வர வேண்டும்.

உங்கள் கணவரின் யோசனையில் வருமானம் கூடவே இல்லை. 25 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 21,700. கடனை அடைத்து முடிக்கும்போது நீங்கள் கட்டியது 52 லட்சம் ஆகியிருக்கும். இப்போது மிஞ்சும் 25,000இல் கையில் நிற்பது 3,300. லுங்கி வியாபாரம் மந்தமான ஒரு மாதம் போதும், அம்மா சுற்றிப்போன அந்தத் தெருவில் நீங்களும் நடக்க வேண்டியிருக்கும். இதை நினைத்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது.

மாடியை வாடகைக்கு விடுவதானால் கணக்கு வேறு. விஐடி பக்கம் மாணவர்கள் வீடு தேடுகிறார்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வாடகை என்ற சொல்லே இல்லை, நாத்தனார் வீடுதான் இருக்கிறது.

முதலில் வைப்புப் பணத்தை இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். வங்கி நொடித்துப்போனால், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2.7 லட்சத்தை ஆறு மாதச் செலவுக்கென்று தனியே வையுங்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். வேலூர் காந்தி சாலை விடுதிகளில் நிலத்தை விற்ற பணத்தோடு சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு கணவரிடம் ஒன்று கேளுங்கள். கடன் வாங்காமலே, தவணை கட்டுவதாக நினைத்து, மாதம் 21,700ஐ ஓராண்டு தொடர் வைப்பில் போட முடியுமா? முடிந்தால் 2,60,400 ரூபாயும் வட்டியும் சேர்ந்திருக்கும். அந்தப் பாஸ்புத்தகத்தோடு எனக்கு எழுதுங்கள். மாடிக் கணக்கை அப்போது சேர்ந்து போடலாம்.