சைக்கிள் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்: லீவர் மூடியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்

நாமக்கல்: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. கீழே வந்து ஆறினால் சரியாகிறது. ஷிமானோ எம்டி200, இரண்டு பக்கமும் 160 மி.மீ. டிஸ்க், என் எடை 92 கிலோ. நான்கு பிஸ்டன் காலிப்பர் வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் சூடேறி வழுக்குகிறது என்று அர்த்தம். உங்களுக்கு லீவரே தொய்கிறது, அதனால் கோளாறு எண்ணெயில். உங்கள் ஷிமானோவில் இருப்பது மினரல் ஆயில், அதில் தண்ணீர் கலக்காது. உள்ளே போன ஈரம் தாழ்வான இடத்தில், அதாவது பிஸ்டன்கள் பேடை அழுத்தும் காலிப்பரில், போய்த் தங்கும். அதிகம் சுடுவதும் அதே இடம்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும், நீங்கள் அழுத்தும் விசை அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் மறுபடி தண்ணீராகிவிடும், அதனால்தான் கீழே வந்ததும் சரியாகிறது.

முதல் செலவு ஒரு பாட்டில் எண்ணெய். பழையதை முழுக்க வெளியேற்றி ப்ளீட் செய்யுங்கள், அதாவது காற்றுக் குமிழி இல்லாமல் புதியதை நிரப்புங்கள். அடுத்தது முன்னால் 180 மி.மீ. டிஸ்க். அதே அழுத்தத்துக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும், சூட்டைத் தாங்கும் இரும்பும் கூடும். ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்கும் என்று பார்த்து, அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். பின்னால் 160 இருக்கட்டும். பேடை சின்டர்டுக்கு (உலோகத் தூளை இறுக்கிச் செய்தது) மாற்ற நினைத்தால் டிஸ்க்கின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். விலை குறைந்த ஷிமானோ டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் என்றிருக்கும். அதில் சின்டர்டு போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுக்க விடுங்கள். இதெல்லாம் செய்தும் போதாவிட்டால் நான்கு பிஸ்டன்.

ஓசூர்: இங்கே மினரல் ஆயில் கிடைக்கவில்லை. பைக் கடையில் மோட்டார் பைக் பிரேக் எண்ணெயான டாட் 4 இருக்கிறது. ஷிமானோவில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ மினரல். ஹோப், ஹேஸ் டொமினியன் டாட். ஸ்ராமில் பெயரை வைத்துச் சொல்ல முடியாது: பல மாடல்கள் டாட் 5.1; ஆனால் டிபி8, மேவன் போன்றவை மினரல்.

கோவை: சக்கரத்தைச் சுற்றினால் டிஸ்க் உரசுகிறது அண்ணா.

பதில்: முதலில் சக்கரத்தைக் கழற்றி ஒழுங்காக உட்கார வைத்து மாட்டுங்கள். பாதி உரசல் அதிலேயே போகும். பிறகு காது கொடுங்கள். சுற்றுக்கு ஒரு முறை ‘சிக்... சிக்’ என்றால் டிஸ்க்கில் கோட்டம். உரசும் இடத்தை மார்க்கரால் குறித்து, துடைத்த ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து எடுங்கள்.

விடாமல் ‘ஷ்ஷ்’ என்றால் காலிப்பர் நகர்ந்திருக்கிறது. 5 மி.மீ. அலன் கீயால் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது கையால் அசையும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை நான்கு முறை அழுத்தி, அழுத்தியபடியே ரப்பர் பேண்டால் கட்டுங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் காலிப்பர் திரும்பிக்கொள்ளும். முடிவில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

இன்னும் உரசினால் காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, லீவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். பிஸ்டன் சிக்கியிருந்தால் ஒரு பேட் வர, மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும், டிஸ்க் அந்தப் பக்கம் வளையும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீல் முறுக்கிக்கொடுத்து, லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க வேண்டும். அழுக்கேறினால் இந்த வேலை நடக்காது. சக்கரத்தையும் பேடையும் எடுத்து, மற்ற பிஸ்டனை அசையாமல் பிடித்துக்கொண்டு, சிக்கிய பிஸ்டனைச் சில மி.மீ. மட்டும் வெளியே வரவிடுங்கள். காது குடையும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உங்கள் பிரேக்கில் இருக்கும் அதே எண்ணெயில் ஒரு சொட்டு தடவி, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், செராமிக் பிஸ்டன் உடைந்துவிடும்.

சேலம்: எனக்கும் உரசுகிறது. என்ன செய்ய?

பதில்: கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: நண்பர் ஒருவர் ஒரு மாதமாக ஷிமானோவில் டாட் 4 ஊற்றி ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை. டாட் எண்ணெய் சூட்டைத் தாங்கும் என்றுதானே பைக்கில் போடுகிறார்கள்?

பதில்: புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155. டாட் 5.1க்கு 260, 180. நான் சொல்வது கொதிநிலையைப் பற்றி அல்ல, ரப்பரைப் பற்றி. டாட் பிரேக்கில் இபிடிஎம் என்ற ரப்பரில் சீல், மினரல் பிரேக்கில் நைட்ரைல் என்ற வேறு ரப்பர். எண்ணெய் மாறினால் சீல் ஊதும். ஊதத் தொடங்கும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும், உங்கள் நண்பர் இப்போது அங்கே இருக்கிறார். அப்புறம் லீவர் திரும்பி வர மறுக்கும், பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

மதுரை: ஓசூர்க்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே பலர் பேபி ஆயிலே ஊற்றுகிறார்கள். அதுவும் மினரல்தானே?

பதில்: சீல் பிழைக்கும். ஆனால் அது சருமத்துக்குச் செய்த எண்ணெய், கெட்டித்தன்மையும் கொதிநிலையும் பிரேக்குக்காகப் பார்த்தவை அல்ல. சமதரையில் தெரியாது, நாமக்கல்காரர் இறங்கும் இடத்தில் தெரியும்.

நெல்லை: செயினுக்கு ஸ்ப்ரே அடித்தேன். அதிலிருந்து பின் பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் இல்லை.

பதில்: பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது. உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் காட்டுவது எதுவும் நிலைக்காது. டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேட் போடுங்கள். டிஸ்க் இருக்கும் சைக்கிளில் செயினுக்குச் சொட்டு எண்ணெய்தான்.

ஊட்டி: புதுப் பேட் போட்டும் பிடிப்பே இல்லை.

பதில்: பேடைப் பழக்கவில்லை, அதாவது பிரேக் பிடித்துப் பிடித்து டிஸ்க்கோடு பொருந்த வைக்கவில்லை. சமதரையில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 20 முறை, கொஞ்சம் கூடுதல் வேகத்திலிருந்து 10 முறை. சக்கரம் பூட்டக் கூடாது, முழுக்க நிற்கவும் கூடாது.

தேனி: சக்கரத்தைக் கழற்றியபோது பையன் லீவரை அழுத்திவிட்டான். பேட் ஒட்டிக்கொண்டது.

பதில்: பேடுக்கு நடுவே பிளாஸ்டிக் டயர் லீவரை விட்டு விலக்குங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம் என்று மேலே சொன்னேன். அடுத்த முறை சக்கரம் வெளியே வந்ததும் நடுவில் ஒரு மடித்த அட்டையாவது செருகுங்கள்.

ஓசூர்: சரி, அந்த நண்பர் நான்தான். நேற்றிலிருந்து முன் லீவர் மெதுவாகத் திரும்புகிறது.

பதில்: ஷிமானோ சீல் தனியாக விற்பதில்லை. லீவர், ஹோஸ், காலிப்பர் மூன்றும் சேர்ந்த செட் வாங்குங்கள். கசிந்திருக்காவிட்டால் பேடும் டிஸ்க்கும் தப்பும். ஃபோர்க் மேல் டாட் சிந்தியிருந்தால் இப்போதே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டை அரிக்கும்.