வேட்டைக்குப் பாவிக்கும் சன்னங்களில் என்னென்ன வகை? புதிதாகப் பழகுகிறவர் எப்படி விளங்கிக்கொள்வது?

கேள்வி கேட்ட தம்பி நோர்வேயில் வேட்டைப் பரீட்சை எழுதப் போகிறாராம். "கடையில ஒரே கலிபரில (குழல் பருமனில) பத்துப் பதினைஞ்சு பெட்டி அடுக்கிக் கிடக்கு, விலை மட்டும் ஒண்டுக்கு மூண்டு மடங்கு வித்தியாசம், எதை எடுக்கிறது?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார். நான் இருபத்தைந்து வருஷம் அந்த நாட்டின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவன். அதில் பதினாறு புரட்டாதி மாதம் எல்க் என்ற பெரிய காட்டு மான் வேட்டைக்கும் போனவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன், கோப்பாயில் தோட்டம். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சொற் குழப்பத்தைத் தீர்ப்போம். எங்கட ஊரில் ரவை, சன்னம், குண்டு, தோட்டா எல்லாமே ஒன்றுபோலப் புழங்கும். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பித்தளைக் கோது பொறுக்கி விளையாடியிருப்பீர்கள். அந்தக் கோது வெறும் பாத்திரம். அதன் அடியில் ஊசி அடிக்கிற இடத்தில் தீப்பொறி மூட்டுகிற சின்னக் கேப், உள்ளுக்குள் வெடிமருந்து, வாயில் செருகியிருப்பது சன்னம். நாலும் சேர்ந்தால் ரவை. துவக்குக் குழலால் வெளியே போவது சன்னம் மட்டும்தான். நீங்கள் கடையில் கண்ட விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தச் சன்னத்தைச் செய்த விதத்துக்கு.

எங்கட ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாங்கள் அறிந்த சன்னம் எல்லாம் போர்ச் சன்னம். ஈயத்தின் மேல் செப்புக் கலந்த உறை, மூக்கு நுனிவரை மூடியிருக்கும். இதை முழு உறைச் சன்னம் என்று வைத்துக்கொள்வோம். இது உடம்புக்குள் போய் விரியாது. படைகள் விரியும் சன்னத்தைத் தொடாததற்குக் காரணம் 1899 இல் ஹேக் நகரில் நாடுகள் செய்த ஒரு பிரகடனம்: மனித உடம்புக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் சன்னத்தைப் போரில் பாவிக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்து ஆயுதச் சாலையில் பிரிட்டிஷ்காரர் மூக்கைத் திறந்துவிட்ட சன்னம் செய்தார்கள். ‘டம்டம் குண்டு’ என்று எங்கட அப்பாமார் சொன்ன சொல் அங்கிருந்து வந்தது.

வேட்டையில் இது தலைகீழ். நோர்வேயில் எல்க் போன்ற பெரிய மிருகத்துக்கு விரியும் சன்னம்தான் பாவிக்க வேண்டும் என்பதே சட்டம். என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் விட்டபாடில்லை.

"மாமா, சண்டையில மனுசருக்குக் கூடாதெண்டு தடுத்ததை மானுக்குக் கட்டாயம் அடி எண்டோ சொல்லுறாங்கள்?"

"ஓம். ரெண்டு சட்டத்துக்கும் நோக்கம் ஒண்டுதான், தேவையில்லாத வேதனை கூடாது. காயப்பட்ட மனுசருக்கு ஆசுப்பத்திரி இருக்கு. மானுக்கு என்ன இருக்கு?"

முழு உறைச் சன்னம் மெல்லிய ஓட்டை போட்டுக்கொண்டு மறுபக்கத்தால் போய்விடும். மிருகம் அந்தக் காயத்தோடு காட்டுக்குள் போய் நாட்கணக்கில் கிடந்து சாகும். வெளியேறிய சன்னமும் சும்மா நிற்காது, பின்னால் யார் நின்றாலும் ஆபத்து. விரியும் சன்னம் நெஞ்சுக்குள் போனதும் அகன்று நுரையீரலைக் கிழித்துச் சில கணங்களில் வேலையை முடிக்கும். ஆக, பெட்டியைக் கையில் எடுத்ததும் ‘இது எவ்வளவு பலம்?’ என்று பார்க்காதீர்கள். ‘உள்ளே போன பிறகு இது என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். வகைகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில்.

இதை நான் நோர்வேயில் படிக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், ஒட்டுசுட்டான் பக்கம் எங்கட வயல் காவலில் படித்தது. பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது, பன்னிரண்டு போர் (12 bore, குழல் பருமன்). இடது பொக்கற்றில் எஸ்ஜி, வலது பொக்கற்றில் புறாவுக்கு அடிக்கிற சின்ன ரவை. எஸ்ஜி என்றால் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய பருமனில் சில ஈயக் குண்டுகள், பன்றிக்கானது. ஒரு நாள் இரவு நெல்லுக்குள் பன்றி இறங்கிவிட்டது. அவசரத்தில் கை மாறிப்போய்விட்டது. வெடி கேட்டதும் பன்றி கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. விடிந்ததும் இரத்தத் துளி பார்த்துக்கொண்டு அரை மைல் நடந்தோம், பிறகு துளியும் இல்லை. நாலாம் நாள் வாய்க்கால் பக்கமிருந்து நாற்றம் வந்தது. பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னது: "வெடி பிழைக்கேல்லை, ரவை பிழைச்சுப் போச்சு."

சரி, றைபிள் சன்னத்துக்கு வருவோம். பழைய, மலிவான, இன்றும் ஓடுகிற வகை மென்மூக்கு. உறை மூக்குக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும், நுனியில் ஈயம் வெளியே தெரியும். பெட்டியைத் திறந்து பார்த்தால் சாம்பல் நிற நுனி, நகத்தால் கீறினால் கோடு விழும். பட்டதும் அந்த ஈயம் பின்னால் மடிந்து காளான் குடை மாதிரி விரியும். இதன் குறை, வேகம் கூடிய றைபிளில், கிட்டத்தில், தடித்த எலும்பில் பட்டால் சிதறிப்போகும், ஆழம் போகாது. 1946 இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவில் மூஸ் ஒன்றுக்குச் சுட்டார் (நோர்வேயில் எல்க் என்பதும் அதுதான்). அதன் தோலில் சேறு காய்ந்து பிடித்திருந்ததாம், சன்னங்கள் ஆழம் போகாமல் தோற்றுவிட்டன. அந்தக் கோபத்தில் அவர் நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் வைத்த சன்னம் ஒன்றைச் செய்தார். முன் அறை விரியும், பின் அறை சிதறாமல் உள்ளே தள்ளும். ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் இப்போதும் விற்கிறது.

பிறகு வந்தது ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த, பிணைத்த வகை. விரிந்தாலும் ஈயம் உறையை விட்டுக் கழராது. நோர்மா ஒரிக்ஸ் இந்த வகை, உங்கள் கடையில் கட்டாயம் இருக்கும். நுனியில் நிறப் பிளாஸ்டிக் ஊசி வைத்தவையும் காண்பீர்கள். பார்க்க வடிவு, காற்றை நன்றாகக் கிழிக்கும். ஆனால் அந்த நுனியை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். நுனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய உறையா, பிணைத்ததா, முழுச் செப்பா என்று பெட்டியில் வாசியுங்கள். அதேபோல் துளைமூக்குச் சன்னம் எல்லாம் வேட்டைக்கென்று நினைக்கவேண்டாம். இலக்குப் போட்டிக்குச் செய்த துளைமூக்கு ஒரே மாதிரி விரியும் என்று நம்ப முடியாது.

என் முதல் எல்க் மென்மூக்கால் விழுந்தது. 11.7 கிராம் சன்னம். பெட்டியில் 180 கிரெயின் என்றிருக்கும். ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம். சன்னம் முழுவதையும் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண். தோல் உரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் பெருவிரலுக்கு ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. கத்தி நுனியால் கீறி எடுத்தேன். உறை பின்னால் மடிந்து, ஈயம் உருகி வழிந்த மெழுகுதிரிபோல ஒரு பக்கம் சரிந்து, நடுவில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து குசினித் தராசில் வைத்தால் 7.8 கிராம். ஒன்றரைப் பவுணில் அரைப் பவுண் சேதாரம்! அந்த அரைப் பவுண் எங்கே போனது?

இறைச்சிக்குள். மனைவி யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டல் வைத்த அன்று, எனக்கே பல்லில் கறுக்கென்று ஒரு துணுக்கு கடிபட்டது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் அதைவிடக் கூட. ஈயம் மூளை வளர்கிற பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் கெடுதல். அதற்குப் பிறகு சன்னம் போன வழியைச் சுற்றி ஒரு சாண் இறைச்சியை யோசிக்காமல் வெட்டி எறிவேன். அரைக்கிற இறைச்சிக்கு அந்தப் பக்கத்தைச் சேர்ப்பதே இல்லை.

கடைசி ஆறு வருஷமும் முழுச் செப்புச் சன்னத்துக்கு மாறினேன். அது விரியும்போது வெட்சிப்பூ மாதிரி நாலு இதழ் பின்னால் மடியும், நிறை அநேகமாக அப்படியே இருக்கும். விலை கூடத்தான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதனால் அதே நிறைக்குச் சன்னம் நீண்டுவிடும். சில குழல்களின் முறுக்குக்கு (சன்னத்தைச் சுழலவைக்கிற உள்வரிகளின் திருகலுக்கு) அது ஒத்துவராது, ஆகவே கொஞ்சம் நிறை குறைந்ததை எடுப்பார்கள். மற்றது, செப்பு விரிய வேகம் வேண்டும். தூரம் கூடக் கூட வேகம் செத்துப்போகும், அப்போது அது முழு உறைச் சன்னம் மாதிரி நடந்துகொள்ளும்.

நிறை குறைக்கும்போது சட்டத்தையும் பாருங்கள். நான் பரீட்சைக்குப் படித்த விதி: எல்க்குக்கு 9 முதல் 10 கிராம் வரையான சன்னம் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் சக்தி வேண்டும், 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 போதும். பெட்டியின் பக்கத்தில் தூரவாரியாகச் சக்தி அச்சடித்திருக்கும். ‘E100’ (100 மீற்றரில் உள்ள சக்தி) என்ற கட்டத்தைப் பாருங்கள், குழல் வாயில் காட்டுகிற எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

முழு உறைச் சன்னத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெட்டைவெளிச் சூட்டுப் பயிற்சிக்கு அது மலிவு. நோர்வேயில் காட்டுக் கோழிக்கு, இறைச்சி சிதறாமல் இருக்க, அதைத்தான் பலர் பாவிக்கிறார்கள். ஆனால் அதே நிறை, அதே கலிபர் என்றாலும் அது படுகிற இடமும் வேட்டைச் சன்னம் படுகிற இடமும் ஒன்றல்ல. என் றைபிளில் 100 மீற்றரில் நாலு விரல் வித்தியாசம் இருந்தது. மலிவு ரவையில் குறி சரிபார்த்துவிட்டு விலையான ரவையோடு காட்டுக்குப் போன ஒரு கூட்டாளி, அந்த வருஷம் மரத்துக்குத்தான் அடித்தார்.

தம்பி, உங்களுக்கு என்றால் இப்படிச் செய்வேன். .308 அல்லது 6.5×55 எந்தக் கலிபரானாலும், பிணைத்ததில் ஒரு பெட்டி, முழுச் செப்பில் ஒரு பெட்டி. இரண்டையும் 100 மீற்றரில் மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அது உங்கள் துவக்கு கேட்கிற சாப்பாடு. அதில் இன்னும் நாலு பெட்டி, ஒரே தொகுதி இலக்கத்தில், வாங்கி வையுங்கள். வருஷாந்தச் சூட்டுச் சோதனையில் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்தும் விழ வேண்டும். அதையும் அந்த வேட்டை ரவையாலேயே சுடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

கீழே இன்னொருவர் "வன்னியில இதை முயற்சிக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார். இங்கே இலங்கையில் காட்டு மிருகங்களுக்கு 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, துவக்குக்கு 1916 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாத இடியன் துவக்கும் பொறியாகக் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கும் வழியில் போகிற மனிதரின் காலைத்தான் முதலில் எடுக்கும். பன்றித் தொல்லை என்றால் கமநலச் சேவை நிலையத்தில் போய்க் கேளுங்கள்.