பாம்புக்குப் பயப்படுபவர் பூச்சிமருந்துக்கு ஏன் பயப்படுவதில்லை?

ஓர் ஆபத்தைப் பெரிதாகவும் இன்னொன்றைச் சிறிதாகவும் நினைக்கவைக்கும் மனக் காரணங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவை வைத்தே சொல்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குச் சம்பா வயல். பொழுது சாய்ந்தபின் வரப்பில் இறங்க அப்பாவுக்கு டார்ச் லைட்டும் தடியும் வேண்டும். கண்ணாடி விரியன் பயம், நியாயமான பயம்தான். அதே அப்பா, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கும் நாளில் வெறும் பனியனோடு தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொள்வார். குச்சி கைக்கு எட்டாவிட்டால் கையாலேயே கலக்குவார். பல பூச்சிக்கொல்லிகள் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கிவிடும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “முப்பது வருஷமாக அடிக்கிறேன், என்ன ஆகிவிட்டது?” என்பார். தப்பித்த ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு சாட்சி. விரியன் கடித்தால் அன்றே தெரிந்துவிடும். பூச்சிமருந்து சத்தமில்லாமல் சேர்வது. போதாததற்கு, நஞ்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ‘மருந்து’. அந்தச் சொல் பயத்தைப் பாதியாக்கிவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் இதை எழுதினார்: குலைநடுங்க வைப்பதும், புதிதாக, புரியாததாக இருப்பதும் பெரிய ஆபத்தாகத் தெரியும், பழகிப்போனது சிறுத்துவிடும். சட்டென்று நினைவுக்கு வருவதே அடிக்கடி நடப்பதாகத் தோன்றும் என்று உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானெமனும் 1973-இல் காட்டினார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப்போட்டது. அதன்பின் ஓரிரு ஆண்டுகள் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே எங்கள் தெரு தூங்காது. இப்போது தூங்குகிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார் 1969-இல் போட்ட கணக்கு. தானாக ஏற்கும் ஆபத்தை, பிறர் சுமத்தும் ஆபத்தைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வரை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். போன வருடம் மருந்தடித்துவிட்டு வந்த அப்பாவைக் கட்டிக்கொள்ள என் நான்கு வயது மகள் ஓடினாள். அம்மா பதறிப்போய்ப் பிள்ளையை இழுத்தார். அப்பா நின்றுவிட்டார்.

“பிள்ளை மேல் ஒட்டுமா?”

“ஒட்டும் அப்பா.”

ஒன்றும் பேசாமல் பம்புசெட்டுக்குத் திரும்பிப் போய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மருந்தடிக்கும் துணி வீட்டுக்குள் வருவதில்லை. மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. மூக்கில் துண்டு கட்டச் சொன்னால் மட்டும் இன்னும் கேட்பதில்லை. அது அவருடைய மூக்கு ஆயிற்றே.