கிரேவி கெட்டியாக எதை வாங்குவது?

கேள்வி: இறைச்சியை அவனில் ரோஸ்ட் செய்து, தட்டில் இறங்கும் சாற்றிலேயே கிரேவி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போனால் மைதா, கார்ன்ஃப்ளோர், ஆரோரூட், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், கிரேவி பவுடர் என்று அலமாரி முழுக்க நிற்கிறது. எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மைதாவும் கார்ன்ஃப்ளோரும் இருந்தால் போதும். மற்றவை அலமாரியில் பழசாகிக்கொண்டு கிடக்கும்.

தட்டில் இறங்கிய சாறு என்றால் முதல் மாவு மைதாதான். மேலே மிதக்கும் கொழுப்பில் 2 மேசைக்கரண்டி மட்டும் தட்டில் விட்டுவிட்டு மீதியை வடித்துவிடுங்கள். அதே அளவு மைதாவைப் போட்டு, மிதமான தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிறகு ஒரு கப், அதாவது 240 மி.லி. ஸ்டாக்கை (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துணுக்குகளைச் சுரண்டிக் கரையுங்கள். கிரேவியின் ருசியில் பெரும்பங்கு அந்தத் துணுக்குகளில்தான் இருக்கிறது. கருகியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். கசப்பை எந்த மாவும் மறைக்காது. இந்த அளவுக்கு நடுத்தரக் கெட்டி வரும். இன்னும் தளர வேண்டுமென்றால் மாவு, கொழுப்பு இரண்டையுமே குறையுங்கள்.

நிறத்துக்காக மாவைக் கரும்பழுப்பாக வறுப்பவர்கள் கூடுதல் மாவு எடுத்துக்கொள்ள வேண்டும். வறுபட வறுபட மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் உடைகின்றன, கெட்டியாக்கும் பலமும் அதோடு குறைகிறது.

கார்ன்ஃப்ளோர் கடைசி நேரக் கைவசம். மைதாவில் புரதமும் கலந்திருக்கும். கார்ன்ஃப்ளோர் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். அதனால் மைதாவில் பாதி அளவே போதும், பளபளப்பும் கூடுதலாக வரும். குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் கிரேவியில் கிளறியபடி ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். ஆரோரூட்டில் கண்ணாடி மாதிரி தெளிவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பால், க்ரீம் சேர்ந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சீக்கிரம் கெட்டியாகும், அதிக நேரம் கொதித்தால் அதே வேகத்தில் தளர்ந்தும் போகும்.

கேள்வி: கார்ன்ஃப்ளோர் என்று கேட்டு வாங்கினேன். மாவு மஞ்சளாக இருக்கிறது, கிரேவி நறநறவென்று வந்தது, சரியாகக் கெட்டியாகவும் இல்லை. கலப்படமா?

பதில்: கலப்படம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. உங்களுக்குக் கிடைத்தது முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவு. கிரேவிக்கு வேண்டியது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். அது சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும், விரலால் அழுத்தினால் நறுக்கென்று சத்தம் வரும். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவது உண்டு, அதனால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் 'சோள ஸ்டார்ச்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் மாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ரொட்டிக்கு ஆகும்.

இன்னொன்று: பேக்கிங் பவுடர் கலந்த செல்ஃப்-ரைசிங் மாவை மைதாவுக்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள். நுரைக்கும், ருசியும் கெடும்.

கேள்வி: கட்டி தட்டாத மாவு என்று தனியாக ஒன்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அது உண்மையா, விளம்பரமா?

பதில்: உண்மைதான். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய மாவு அது. அமெரிக்காவில் 1963-இல் வந்த 'வோண்ட்ரா' இந்த ரகம். சாதாரண மாவைச் சூடான நீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவை மூடிக்கொள்ளும். கட்டி என்பது அதுதான். முன்பே வெந்த மாவில் அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் மாவைக் கொழுப்பில் வறுத்தாலே ஒவ்வொரு துகளையும் கொழுப்பு பிரித்து வைத்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் கரைத்தாலும் அப்படித்தான். இரண்டில் ஒன்றைச் செய்தால் தனி மாவுக்கு அவசியமே இல்லை. மீறித் தட்டிய கட்டிக்கு வடிகட்டி இருக்கிறது.

கேள்வி: நேரமில்லாத நாளில் பாக்கெட் கிரேவி வாங்குகிறேன். லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், அது எந்த வகை என்று பாருங்கள். பவுடர் ஒரு வகை, வெந்நீரில் கரையும் குருணை இன்னொரு வகை. 1908-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பிஸ்டோ முதலில் பவுடர்தான்; இறைச்சிச் சாற்றோடு சேர்த்து அதற்கு நிறமும் கெட்டியும் கொடுப்பது அதன் வேலை. சாறே இல்லாமல் வெந்நீரில் கரைத்துவிட்டு 'ருசியே இல்லை' என்று பவுடரைக் குறை சொல்வது நியாயமில்லை. சாறு இல்லாதவர்கள் குருணையைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. கிரேவிப் பாக்கெட்டுகளில் ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்த பொடி), உப்பு, தாவரக் கொழுப்பு ஆகியவை முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். முன்பக்கத்தில் படமாக இருக்கும் இறைச்சி பட்டியலின் அடியில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பதற்கு அந்த வரிசையே பதில். இ 1422, இ 1442 என்று எண்கள் இருந்தால் மிரள வேண்டாம். ஆறினாலும் உறைந்தாலும் நீர் பிரியாதபடி மாற்றியமைத்த ஸ்டார்ச்சுகள் அவை. இ 150 கேரமல் நிறம், 621 மோனோசோடியம் குளூட்டமேட், அதாவது எம்.எஸ்.ஜி. 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று பெரிதாக அச்சடித்த பாக்கெட்டிலேயே ஈஸ்ட் சாரம் இருக்கலாம். அதிலும் இயல்பாகவே குளூட்டமேட் உண்டு. அதில் ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் அந்த வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். ஒரு பாக்கெட்டில் உலர்ந்த பொடி 100 கிராமுக்குக் கணக்கு இருக்கும், பக்கத்துப் பாக்கெட்டில் கரைத்த கிரேவி 100 மி.லி.க்கு இருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். சோடியம் என்று எழுதியிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பு வரும், 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று சொல்கிறது. ஸ்டாக் க்யூப் வாங்கினாலும் இதே கணக்குதான். உப்புக் குறைந்த க்யூபாக வாங்குங்கள், கிரேவி சுண்டி முடிந்த பிறகு உப்புப் பாருங்கள். முதலிலேயே போட்டால் சுண்டச் சுண்டக் கரிக்கும்.

கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் ஒவ்வாமை வரியைப் படிக்காமல் எந்தக் கிரேவிப் பாக்கெட்டையும் கூடையில் போடாதீர்கள். கார்ன்ஃப்ளோருக்கும் இது பொருந்தும், அரைத்த ஆலையில் கோதுமையும் ஓடியிருக்கலாம்.

கேள்வி: மீந்த கிரேவி ஃப்ரிட்ஜில் ஜெல்லி போல உறைகிறது. சில நாள் மறுநாள் தண்ணீராகிவிடுகிறது. மாவு தரமில்லையா?

பதில்: மாவைக் குறை சொல்லாதீர்கள். ஆறும்போது கெட்டியாவது ஸ்டார்ச்சின் இயல்பு. நல்ல ஸ்டாக்கில் எலும்பின் ஜெலட்டினும் சேர்ந்துகொள்ளும். சூடாக்கினால் இளகிவிடும். அதனால்தான் அடுப்பில் இருக்கும்போதே வேண்டிய கெட்டிக்குக் கொஞ்சம் முன்பாக இறக்கச் சொல்வது.

நீர்த்துப்போனால், ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டீர்களா என்று யோசியுங்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்த கார்ன்ஃப்ளோர் கிரேவி நீர் பிரிவது வேறு காரணத்தால். உறைய வைக்கும் திட்டமிருந்தால் கெட்டியாக்காத சாற்றை உறைய வைத்து, பரிமாறும் நாளில் மாவு சேருங்கள்.

பெரிய பாத்திரத்தோடு அடுப்பு மேடையில் ஆற விடாதீர்கள். மெதுவாக ஆறும் கிரேவியில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற கிருமி செழிக்கும்; அதன் வித்துகள் கொதியையும் தாங்கும். ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள், சூடாக்கும்போது தளதளவென்று கொதிக்கட்டும்.

கேள்வி: கொழுப்பைப் பிரிக்க, அடியிலிருந்து மூக்கு கிளம்பும் ஜாடி வாங்கலாமா?

பதில்: அடிக்கடி ரோஸ்ட் செய்கிற வீடென்றால் வாங்கலாம். கொழுப்பு மேலே மிதக்க, மூக்கு வழியாகச் சாறு மட்டும் வரும். வாங்கினால் கொதிக்கும் சாற்றைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். எப்போதாவது செய்பவர்களுக்கு ஒரு கரண்டி போதும்.