கலைப்பீடத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம்தான் லெக்சர் என்றால், பிள்ளைக்குப் படிப்பு குறைகிறதா?

உங்கள் மகளுக்கு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. நேரசூசியைக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 15 மணி நேரம்தான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோ மருத்துவ பீடத்துக்குக் காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருகிறது. ‘என் பிள்ளைக்கு ஒழுங்காகப் படிப்பிக்கிறார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. இதே கேள்வியைச் சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் கேட்டோம். நாங்களாகவே ஒரு பதிலையும் முடிவுகட்டிக்கொண்டோம். அது பிழையான பதில். தம்பியின் முதல் வருடம் அதிலேதான் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடத்தை கிரெடிட்டில் அளக்கிறார்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 50 மணி நேரம் படிக்க வேண்டும். வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணி நேரம். அந்த 50 மணியில் லெக்சர் மண்டபத்தில் இருப்பது சாதாரணமாக 15 மணிதான். ஒரு செமஸ்டர் 15 வாரம், ஆகவே ஒரு கிரெடிட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் லெக்சர். மூன்று கிரெடிட் பாடம் ஐந்து எடுத்தால் 15 மணி. உங்கள் மகளின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் வெட்டப்படவில்லை. ஆனால் அதே ஐந்து பாடத்துக்கும் வாரத்தில் இன்னும் 35 மணி நேரம் அவள் தானாகப் படிக்க வேண்டும். அது நேரசூசித் தாளில் இல்லை. யாரும் வாயால் சொல்லியும் விடுவதில்லை.

செய்முறைப் பாடங்களுக்குக் கணக்கு வேறு. லெக்சரில் 15 மணிக்குக் கிடைக்கிற ஒரு கிரெடிட்டுக்கு ஆய்வுகூடத்தில் 30 மணி நேரம் நிற்க வேண்டும், சில இடங்களில் 45. விஞ்ஞானம், விவசாயம், பொறியியல் படிக்கிற பிள்ளைகளின் பின்னேரங்கள் நிரம்பிக் கிடப்பது இதனால்தான். நான் வேறு மாகாணத்தில் விஞ்ஞானம் படித்தவள். இரண்டு மணிக்கு வெள்ளை கோட்டோடு உள்ளே போனால் வெளியே வர ஐந்தாகும். அந்த மூன்று மணி நேரத்தில் சேர் நின்று விளக்கியது இருபது நிமிடம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் துளித் துளியாகத் திரவம் விடுகிற பியூரெட் குழாயின் அடியில் கை வைத்தபடி, குடுவையைச் சுழற்றிச் சுழற்றி, இளஞ்சிவப்பு வந்து நிற்கிறதா மறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு துளி கூடினாலும் திரும்ப முதலில் இருந்து. அது வீண் நேரம் இல்லை, கை பழகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். ஆனால் அந்த மூன்று மணியையும் வரலாற்றுப் பாடத்தின் மூன்று மணி லெக்சரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மருத்துவம் இன்னும் ஒரு படி மேலே. பிள்ளையாரடியில் இருக்கிற மருத்துவ பீடப் பிள்ளைகள் ஆரம்பத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று லெக்சரும் செய்முறையுமாக ஓடுவார்கள். அப்புறம் போதனா வைத்தியசாலை வார்டுகள். இதயத்தில் ஒரு மாறுபட்ட சத்தம் எப்படிக் கேட்கும் என்பதைப் புத்தகத்தில் வாசிக்கலாம், ஆனால் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் காது பழகாது. நோயாளி இருப்பது வார்டில், ஆகவே பிள்ளையும் வார்டில் நிற்க வேண்டும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் படிக்கிற பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். அடவு போடும்போது பாதம் எங்கே பிழைக்கிறது என்பதை ஆசிரியர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும்.

தமிழ், வரலாறு, மெய்யியல், சமூகவியல் எல்லாம் வாசிக்கிற பாடங்கள். விரிவுரையாளர் ஒரு மணி நேரத்தில் வழி காட்டலாம். நடப்பது பிள்ளைதான். வந்தாறுமூலை என்றாலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவில் என்றாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிநாட்டிலும் மருத்துவத்துக்கு மணி கூட, வரலாறு மாதிரிப் பாடங்களுக்குக் குறைவு. இங்கிலாந்தில் 2012இல் கட்டண உச்சவரம்பை 9000 பவுண்டுக்கு ஏற்றிய பிறகு, கட்டுகிற காசுக்கு எத்தனை மணி நேரம் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். நமக்கு அரச பல்கலைக்கழகத்தில் இலவசக் கல்வி. நம் வீடுகளில் மணியை எண்ண வைப்பது வேறு ஒன்று.

அது ஏ.எல். காலம். பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, ஐந்து நாளும். அதற்கு மேல் பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். பிள்ளை எந்நேரமும் யாராவது ஒரு ஆசிரியருக்கு முன்னால் இருந்தால்தான் படிக்கிறது என்று நாமும் நம்புகிறோம், பிள்ளையும் நம்புகிறது. பாடசாலையில் மட்டும் 30 மணி நேரம் இருந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் 15 என்றால், பாதி ஓய்வு என்றுதான் தோன்றும்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். தம்பி கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே 16 கிலோமீற்றர் அளவில் இன்னொரு பஸ்ஸில் வந்தாறுமூலைக்குப் போவான். செவ்வாய்க்கிழமை லெக்சர் பத்து மணியோடு முடிந்துவிடும், வியாழன் ஒன்றுமே இல்லை. செவ்வாய் மதியம் வந்து சோற்றுக் கோப்பையில் கை வைக்கும்போதே அம்மா தொடங்குவார்: “என்ன மனே, இண்டைக்கும் கம்பஸ் இல்லையா? அப்ப வயலுக்கு ஒருக்கா போயிட்டு வா.” பெரும்போக அறுவடை நேரம் வெட்டு மெசின் வருகிற நாளெல்லாம் அவன்தான் வரம்பில் நிற்பான். அப்பாவின் கிளினிக்குக்கு அவன். மாமா வீட்டு மரண வீட்டுக்கு மூன்று நாள் அவன். நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என் பிள்ளையை நேர்சரியில் இருந்து கூட்டி வர அவனைத்தான் அனுப்பினேன். அவனும் முகம் சுழிக்காமல் போனான், தனக்கும் வேலை இல்லை என்றே நினைத்திருந்தான்.

செமஸ்டர் முடிவில் இரண்டு பாடம் போய்விட்டது. வரவு 80 வீதத்துக்கு மேலே, லெக்சருக்கு ஒழுங்காகத்தான் போனான். இரவில் முற்றத்தில் வைத்து, “அக்கா, நான் எல்லாத்துக்கும் போனனான்தானே?” என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. போனான்தான். அந்த 35 மணி நேரத்தைத்தான் வீட்டில் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் மகள் விடயத்தில் 15 என்ற எண்ணை விட்டுவிட்டு வேறு சிலதைக் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வாரம் ஒரு பாடவிவரத் தாள் தருவார்கள், அதன் கடைசியில் வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் இருக்கும். அது அவள் கையில் இருக்கிறதா? சிறு குழுவாக இருந்து கலந்து பேசுகிற ரியூட்டோரியல் வகுப்பு உண்டா, அங்கே வாய் திறந்து பேசுகிறாளா? எழுதிக் கொடுத்த ஒப்படைக்குப் புள்ளி மட்டுமா வருகிறது, எங்கே பலவீனம் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா? எழுதவில்லை என்றால் விரிவுரையாளரைச் சந்தித்துக் கேட்கச் சொல்லுங்கள். தம்பி இரண்டாம் வருடம் தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டான். சேர் அரை மணி நேரம் உட்கார வைத்து அவன் கட்டுரையை வரி வரியாகப் பார்த்தாராம். அந்த அரை மணி ஒரு மாத லெக்சருக்குச் சமம் என்று வந்து சொன்னான்.

இன்னொன்று. தமிழ் மொழிமூலம் படித்தாலும் பட்டியலில் பாதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு அத்தியாயத்துக்கு அகராதியோடு இரண்டு பின்னேரம் போகும். அது பிள்ளையின் மந்தம் இல்லை, முதல் வருடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். மேலே சொன்ன 35 மணியை ஐந்து பாடத்துக்கும் பிரித்தால் வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு 7 மணி நேரம் வரும், அந்த நேரத்தில் அது 10 ஆகவும் ஆகலாம்.

எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இதுதான். லெக்சர் இல்லாத நாளிலும் தம்பி அதே காலை பஸ்ஸில் வந்தாறுமூலைக்குப் போய் நூலகத்தில் இருந்துவிட்டு நாலு மணிக்குப் புறப்படுவான். பஸ் காசு கூடியது, அம்மா முதலில் முணுமுணுத்தார். வெட்டு மெசினுக்கு நான் லீவு போட்டு வரம்பில் நின்றேன். போன இரண்டு பாடத்தையும் அடுத்த வருடம் திரும்ப எழுதினான், இரண்டும் சித்தி.