போர்க்களத்தில் அறிவு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வரும்போது ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஆனால் சண்டை என்று வந்தால் மனுஷன் மிருகமாகிவிடுவான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அறிவு எங்கே போகிறது?
வாசகர், குடியாத்தம்

பதில்: எங்கும் போவதில்லை, பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மோர்தானா காட்டோரம் இருட்டில் திடீரென்று யானை எதிரே நின்றால் உங்கள் உடம்பில் என்ன நடக்குமோ, அதேதான் பக்கத்தில் குண்டு விழும்போது சிப்பாய்க்கும் நடக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் இருக்கும் அமிக்டலா, நெற்றிக்குப் பின்னால் உள்ள சிந்திக்கும் பகுதி விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்பே அபாயமணி அடித்துவிடும். சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டும். எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு என்கிற இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அசையாமல் உறைந்து நிற்பது.

ரத்தம் பெரிய தசைகளுக்கு ஓடுவதால் விரல்கள் சில்லிட்டு நடுங்கும். பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகும். பக்கத்தில் வெடிக்கும் துப்பாக்கிச் சத்தம்கூடக் காதில் விழாமல் போகலாம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவதும் உண்டு. அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் வேலை.

இதோடு தூக்கமின்மையும் சேர்ந்தால் நிலைமை கைமீறும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 30 மில்லிகிராம்தான். எல்லைக் காவலில் இரண்டு இரவு கண்விழித்தவர் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார் என்றால், அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். முறைவைத்துத் தூங்கவைக்கும் அதிகாரி, தன் ஆட்களின் அறிவைக் காப்பாற்றுகிறார்.

கேள்வி: 100 சிப்பாய்களில் 20 பேர்தான் எதிரியைச் சுடுவார்கள் என்று படித்தேன். சரியா?
வாசகர், காட்பாடி

பதில்: எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்கிற அமெரிக்கர் 1947-இல் எழுதியது அது. அந்தக் கணக்கை அவர் முறையாக எடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நம்ப வேண்டாம். பயிற்சியின் பலன் மட்டும் உண்மை. கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கழற்றி மாட்டப் பழக்குவது, விரல் நடுங்கும் நேரத்திலும் கை தானாக வேலை செய்யத்தான். ஆனால் பழகிய கை ஆள் பார்க்காது. அதனால்தான் சுடும் பயிற்சியில் எதிரியின் உருவத்தோடு குழந்தையைத் தூக்கி நிற்கும் பெண்ணின் உருவத்தையும் கலந்து வைக்கிறார்கள். சுடாமல் இருப்பதையும் கை பழக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் போரில் நடக்கும் அட்டூழியங்களுக்கெல்லாம் உடம்புதான் காரணமா? யாரையும் குறை சொல்ல முடியாதா?
வாசகி, வேலூர்

பதில்: முடியும், சொல்லவும் வேண்டும். உங்கள் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களின் குறை நியாயமானது. ஆனால் மருத்துவமனையில் கிடந்த ஆங்கிலேய நோயாளிகளையும் அவர்கள் கொன்றார்கள். முதல் வெற்றிக்குப் பிறகு பலர் கொள்ளையில் இறங்க, கோட்டைக் காவல் தளர்ந்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். கோட்டையை மீட்டபின், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறக்குறைய 100 சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தச் சுவர்க் கொலையை மிருக உணர்ச்சி என்று சொல்லாதீர்கள். இழுத்து வந்து, வரிசையில் நிறுத்தி, ஆணையிட்டுச் செய்த காரியம் அது. எந்த மிருகமும் அப்படிச் செய்வதில்லை. உயிர்ப்பயம் சில நொடிகளுக்குத்தான் விளக்கம். அதற்குப் பின் நடப்பது பழிவாங்கும் வெறியும் மேலிடத்து அனுமதியும்.

வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று நூற்றுக்கணக்கான ஊர் மக்களை அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று கொன்றது. அதற்கு முந்தைய வாரங்களில் கண்ணிவெடியில் தோழர்களை இழந்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் அன்று அந்த ஊரில் அவர்களை எதிர்த்துச் சுட்டவர் யாருமில்லை. அதே பிரிவில், அதே இழப்பைப் பட்ட சிலர் சுட மறுத்தார்கள். ஹியூ தாம்சன் என்கிற விமானி, ஓடும் மக்களுக்கும் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். அந்தச் சிப்பாய்கள் மக்களைச் சுட்டால் சிப்பாய்களைத் திருப்பிச் சுடும்படி, ஹெலிகாப்டரில் இருந்த தன் ஆட்களிடம் சொன்னார். எல்லோருக்கும் உடம்பு ஒன்றுதான்.

கேள்வி: கணவர் ராணுவத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் என் கையை முறுக்கிவிடுகிறார், பிறகு அழுகிறார். ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கும் யானைகளை விரட்ட ராத்திரியில் வெடி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். என்ன செய்வது?
வாசகி, பேரணாம்பட்டு

பதில்: உங்கள் மேல் கோபமில்லை அம்மா. அபாயமணி அணையாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் கை எட்டாத தூரத்தில் நின்று பெயரைச் சொல்லியோ, வழக்கமாகக் கூப்பிடுவதுபோலவோ கூப்பிடுங்கள். விழித்ததும் 'நம்ம வீடு, நான்தான்' என்று சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி, நாலு எண்ணும் வரை மூச்சிழுத்து, ஆறு எண்ணும் வரை விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

வெடி போடப் போகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு போன் செய்யச் சொல்லி வையுங்கள். எதிர்பார்த்த சத்தம் அவ்வளவு வேகமாகத் தாக்காது. கேன்டீன் ரம்மைக் குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். ஆனால் பின்னிரவில் கனவுகள் இன்னும் கொடூரமாகத் திரும்பும். காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால், துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை இருந்தால் அந்த பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு எழுதி வாங்குங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கூடவே நீங்களும் போங்கள். பட்டாளத்தார் பலர் மருத்துவரிடம் 'தூக்கம் வரல' என்று மட்டும் சொல்லி, மாத்திரையோடு திரும்பிவிடுவார்கள். கனவையும் வெடிச் சத்தத்தையும் கையை முறுக்குவதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.